தோள் கொடுத்தால் வெற்றி! இறக்கிவிட்டால் டெபாசிட் காலி! மயிலையில் தேசியக் கட்சிகளின் கதை

மயிலாப்பூர் மாட வீதியில் தேசியக் கட்சிகளின் கொடிக்குக் குறைச்சல் இல்லை. கை சின்னமும் உண்டு, தாமரையும் உண்டு. ஓட்டும் விழத்தான் செய்கிறது. ஆனால் ஜெயிக்க மட்டும் அடுத்தவர் தோள் வேண்டும்!

4 தடவை "கை"

மயிலாப்பூர் அடங்கிய தென்சென்னை பாராளுமன்றத் தொகுதியில் 1977, 1980-ல் ஆர்.வெங்கட்ராமன், 1984, 1989-ல் வைஜயந்திமாலா பாலி என்று காங்கிரஸ் வரிசையாக 4 தடவை ஜெயித்தது.

அப்போ காங்கிரஸ் கோட்டைதானே? அதுதான் இல்லை! 1977-ல் அ.தி.மு.க. தோள். 1980-ல் தி.மு.க. தோள். 1984, 1989-ல் மறுபடி அ.தி.மு.க. தோள்.

1989 ஜனவரி சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸ் தனியாக நின்றது. 234-ல் கிடைத்தது 26. அதே வருஷம் நவம்பரில் அ.தி.மு.க.வோடு சேர்ந்தது. பாராளுமன்றத்துக்கு 39-ல் 27! 2014-ல் மறுபடி தனியாக நின்று பார்த்தது. 39-லும் தோல்வி. ஏறக்குறைய எல்லா இடத்திலும் டெபாசிட் காலி.

தாமரைக்கும் அதே கதி

2001-ல் மயிலாப்பூர் சட்டசபைத் தொகுதியில் பா.ஜனதாவின் கே.என்.லட்சுமணன் ஜெயித்தார். தோள் கொடுத்தது தி.மு.க. 2006-ல் தோள் இல்லை. மயிலாப்பூர் அ.தி.மு.க.வின் எஸ்.வி.சேகரிடம் போனது. மாநிலம் முழுக்க தாமரைக்கு ஒரு இடம்கூட இல்லை.

2024 கணக்கு இன்னும் வேடிக்கை. பா.ஜனதா 11.24 சதவீத ஓட்டு வாங்கியது, இடம் பூஜ்யம். காங்கிரஸ் வாங்கியது 10.67 சதவீதம்; நின்ற 9 இடத்திலும் வெற்றி! அந்த 9-லும் தி.மு.க. ஓட்டு சேர்ந்து விழுந்ததுதான் ரகசியம்.

பூத்தில் யார்?

ஓட்டு இருந்தால் போதாது, ஆள் வேண்டும். விடிகாலையில் மாதிரி ஓட்டுப்பதிவைப் பார்க்க ஏஜெண்ட் உட்கார வேண்டும். யார் வந்தாங்க, யார் வரலை என்று லிஸ்ட்டில் டிக் அடிக்க வேண்டும். மத்தியானத்துக்கு மேல் வராதவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். தெருவை அத்துப்படியாக அறிந்தவரால்தான் இது முடியும். திராவிடக் கட்சிகளுக்கு வட்டச் செயலாளர்கள் இருக்கிறார்கள்.

சத்தியமூர்த்தி பவனிலும் கமலாலயத்திலும் தலைவர்கள் இருக்கிறார்கள். தொண்டனுக்குத்தான் நிச்சயம் இல்லை. 2016-ல் மயிலாப்பூர் காங்கிரசுக்குக் கிடைத்தது. கராத்தே தியாகராஜன் அ.தி.மு.க.வின் நடராஜிடம் தோற்றார். 2021-ல் தொகுதியை தி.மு.க.வே எடுத்துக்கொண்டது, த.வேலு ஜெயித்தார். அடுத்த தடவை தொகுதி யாருக்கோ என்றால், 5 வருஷம் எவன் தெருத் தெருவாக அலைவான்?

ஒரே ஒரு வார்டு

2022 மாநகராட்சித் தேர்தலில் வார்டுகள் 200. தி.மு.க. கூட்டணியில் காங்கிரசுக்கு 13. தனியாக நின்ற பா.ஜனதாவுக்கு மேற்கு மாம்பலத்தில் 134-வது வார்டு ஒன்றே ஒன்று!

சாக்கடை அடைத்துக்கொண்டால் டெல்லிக்கா போன் போட முடியும்? குடிதண்ணீர் வராவிட்டால் ஜனங்கள் பக்கத்தில் இருக்கிற ஆளைத்தான் தேடிப் போவார்கள். அப்படி ஒரு ஆள் தெருவுக்குத் தெரு இல்லாத கட்சி, எத்தனை சதவீதம் வாங்கினாலும் கூட்டணிப் பேச்சில் கையேந்தித்தான் நிற்க வேண்டும்!