பாதாள ராஜனும் பாம்பு மாப்பிள்ளையும்

பள்ளிக்கூட உபாத்தியாயருக்கு உள்ள அதிகாரங்களில் மிகவும் சுவையானது பறிமுதல் செய்யும் அதிகாரம் என்பது என் அபிப்பிராயம். மற்ற அதிகாரங்கள் எல்லாம் காலப்போக்கில் ஒவ்வொன்றாய்க் கழன்று போய்விட்டன. இது ஒன்றுதான் மிச்சம்.

ஆனி மாதத்துப் பிற்பகல். கிருஷ்ணகிரி முழுவதும் மாம்பழ மணம் வீசிக்கொண்டிருந்தது. கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் பழம் ஏற்றிச் செல்லும் லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே, பதினோராம் வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண் மட்டும் என்றுமில்லாத பக்தி சிரத்தையுடன் பாடப் புத்தகத்தில் ஆழ்ந்திருந்தாள். சந்தேகம் தோன்ற, அருகில் சென்று பார்த்தேன். பாடப் புத்தகத்துக்குள் இன்னொரு புத்தகம் குடியிருந்தது. பழுப்புக் காகித உறையை நீக்கியபோது, கறுப்பு அங்கி அணிந்த ஒரு ராஜனும், அவன் தோளில் சாய்ந்த ஒரு பெண்ணும், பிளந்த மாதுளம்பழம் ஒன்றும் அட்டையில் காட்சி தந்தனர்.

"ஏதம்மா இது?" என்றேன்.

"அண்ணன் ஓசூரில் வேலை பார்க்கிறார், சார். லீவு நாளில் பெங்களூர் போனபோது வாங்கி வந்தார். கிரேக்க புராணக் கதைதான், சார்" என்றாள். 'புராணக் கதை' என்றால் வாத்தியார் மனம் இளகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மனம் இளகியது உண்மை. அன்றிரவு ஒரு மணி வரை அந்தப் புத்தகத்தை நானே படித்தேன் என்பதையும் நேயர்களிடம் மறைக்கப் போவதில்லை. "பரீட்சைப் பேப்பர் திருத்துகிறீர்களா?" என்று என் சகதர்மிணி இருமுறை கேட்டாள். இருமுறையும் "ஆமாம்" என்றேன்.

கிரேக்க புராணங்களைக் காதல் நாவல்களாகத் திருப்பி எழுதுவது இப்போது ஆங்கில நாடுகளில் பெரிய மோஸ்தராக இருக்கிறது. இவற்றில் மிகப் பிரபலமானது பாதாள லோகத்து அரசனான ஹேடிஸ், பெர்ஸிபனி என்ற கன்னியை அடைந்த கதை. நியூஸிலாந்தைச் சேர்ந்த ரேச்சல் ஸ்மைத் என்ற பெண்மணி இதைச் சித்திரத் தொடராக 2018 முதல் 2024 வரை வெளியிட்டார். உலகெங்கும் இளைஞர்கள் அதைச் செல்பேசியில் படித்து உருகினார்கள். அதில் ஹேடிஸ் கன்னியைத் தூக்கிச் செல்லும் கொடியவன் அல்லன். அவளைக் கண்டு கூச்சப்படும் காதலன். அதன் வழியில் வந்த நாவல்களுக்குக் கணக்கில்லை. நான் பறிமுதல் செய்ததும் அந்த வம்சத்தில் ஒன்றுதான். இத்தகைய கதைகள் பலவற்றில் காதலுக்குக் குறுக்கே நிற்பவள் ஒருத்தி உண்டு. அவள்தான் பெண்ணின் தாய் டெமீட்டர். மகளைப் பொத்திப் பொத்தி வைத்து மூச்சுத் திணறச் செய்பவள்.

புத்தகத்தை மூடியதும், கல்லூரி நாளில் படித்த மூலக் கதை நினைவுக்கு வந்தது. சுமார் 2,600 ஆண்டுகளுக்கு முன் ஹோமரின் பாணியில் யாரோ ஒரு கவி இயற்றிய துதிப் பாடல் அது. அதன் முழு வடிவம் ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியில் மட்டும் தப்பிப் பிழைத்து, 1777-ல் மாஸ்கோ நகரில் அகப்பட்டது. நம் உ. வே. சாமிநாதையர் இருந்திருந்தால் அங்கேயும் ஓடிப் போயிருப்பார்!

அந்தப் பாடலில் காதல் என்ற பேச்சே இல்லை. தோழியருடன் பூப்பறித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பூமி பிளந்து வந்த ஹேடிஸ் தேரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகிறான். அவள் தகப்பனை அழைத்து அலறுகிறாள். ஆனால் அவள் தகப்பன் ஜீயஸ்தான், தாய்க்குத் தெரியாமல் இந்தச் சம்பந்தத்துக்குச் சம்மதம் கொடுத்தவன்! தாய் டெமீட்டர் கையில் தீவட்டியுடன் ஒன்பது நாள் ஊண் உறக்கமின்றித் தேடி அலைகிறாள். நடந்ததைக் கண்ட சூரிய தேவன் உண்மையைச் சொல்லிவிட்டு, ஒரு சமாதானமும் சொல்கிறான்: மாப்பிள்ளை ஒன்றும் குறைந்தவன் அல்லன், பெரிய ராஜ்யத்துக்கு அதிபதி, பெரிய இடம் என்கிறான்.

தாய் சமாதானம் அடையவில்லை. அவள் தானிய தேவதை. விதைத்தது முளைக்காமல் செய்துவிடுகிறாள். மனிதகுலமே அழிந்துவிடும் என்ற நிலை வந்த பிறகுதான் தேவர்களுக்குப் புத்தி வருகிறது. பெண்ணைத் திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள். அப்போதும் ஹேடிஸ் தந்திரமாக ஒரு மாதுளை விதையை அவளை உண்ணச் செய்துவிடுகிறான். அதனால் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு அவள் பாதாளத்தில் இருக்க வேண்டியதாகிறது. திரும்பி வந்த பெண் தாயின் மடியில் இருந்தபடி நடந்ததையெல்லாம் சொல்கிறாள். தன் விருப்பத்துக்கு மாறாக, பலவந்தமாகத் தன்னை உண்ண வைத்தான் என்று அவள் தன் வாயாலேயே சொல்வதாகப் பாடுகிறார் அந்தப் பழைய கவி.

இதில்தான் வேடிக்கை இருக்கிறது. பழைய கவி பெண்ணைப் பேசவிட்டார். தாயின் கோபத்துக்கு உலகத்தையே பணிய வைத்தார். புதிய நாவலோ, பெண்ணுக்குச் சுதந்திரம் அளிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே அவள் அலறலை நாணமாக மாற்றி, அவளைத் தேடி அலைந்த தாயை வில்லியாக்கிவிட்டது. எது பழமை, எது புதுமை என்று நேயர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

"மேல்நாட்டார் கதை நமக்கென்ன?" என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. இந்தக் கைங்கரியத்தை நாம் எப்போதோ செய்து முடித்துவிட்டோம். நம் பாட்டிமார் பெரிய எழுத்துப் புத்தகத்தில் ராகம் போட்டுப் படித்த அல்லி அரசாணி மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். வியாச பாரதத்தில் அருச்சுனன் சித்திராங்கதையைக் கண்டு விரும்பியதும் நேரே அவள் தகப்பனிடம் போய்ப் பெண் கேட்கிறான். அவர் விதித்த நிபந்தனைக்கு உடன்பட்டு மணக்கிறான். வில்லிபுத்தூரார் அவளைப் பாண்டியன் மகளாக்கினார். அதற்குப் பிறகு, புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் மாலையில் கதையே தலைகீழாகிவிட்டது. மதுரையை ஆளும் அல்லி ஆண்வாடையே வேண்டாதவள். கண்ணன் பாம்பாட்டியாக வருகிறான். அருச்சுனன் பாம்பாக மாறி அவள் பள்ளியறையில் புகுந்து, உறங்கும்போது தாலியைக் கட்டிவிடுகிறான்! கண் விழித்த அல்லி அவன் மேல் படையெடுக்கிறாள். மாலை பாடியவர் அவள் கோபத்தை மறைக்கவில்லை. ஆனால் கதை கடைசியில் இல்லறத்தில் சுபமாக முடிந்துவிடுகிறது. கேட்ட நாமும் பாம்பு மாப்பிள்ளையின் சாமர்த்தியத்தை மெச்சினோம். அல்லிக்கு நாம் கொடுத்த பரிசு 'அல்லி ராஜ்யம்' என்ற கேலிப் பேச்சு ஒன்றுதான்.

ஆகவே புராணத்தைத் திருப்பி எழுதுவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் கம்பரிடமிருந்தே தொடங்க வேண்டும். நம் மாவட்டத்துக் கிராமங்களில் கோடைதோறும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கிறது. மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன்மேல் நின்று திரௌபதி கூந்தல் முடிக்கும்போது, அங்கே கூடியிருக்கும் பெண்களின் முகத்தைப் பார்த்தவர்கள், பழங்கதை எதற்காக மீண்டும் மீண்டும் சொல்லப்படுகிறது என்று என்னிடம் கேட்க மாட்டார்கள்.

ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி, 'சக்கரவர்த்தித் திருமகன்' எழுதியபோது பட்டாபிஷேகத்தோடு கதையை முடித்துக்கொண்டார். புதுமைப்பித்தன் 1943-ல் எழுதிய 'சாப விமோசனம்' என்ற சிறுகதையில், சீதை தீக்குளித்ததைக் கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். ஒருவர் சொல்லாமல் நிறுத்தியதும், மற்றவர் துணிந்து சொன்னதும் எதைப் பற்றி என்று யோசித்துப் பாருங்கள். இருவரும் வெவ்வேறு துருவங்கள். ஆனால் தொட்ட இடம் ஒரு பெண்ணின் துயரம்.

மேல்நாட்டிலும் நல்லவை இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் மாடலின் மில்லர் என்ற பெண்மணி பள்ளியில் லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தவர், நம் தொழில்தான். அக்கிலீஸின் கதையைப் பத்து வருஷம் எழுதி, 2011-ல் வெளியிட்டு, மறு வருஷமே பரிசும் பெற்றார். நானும் இருபது வருஷமாகக் கேள்வித்தாள் எழுதி வருகிறேன். பரிசு ஒன்றும் வரவில்லை. அவர் 2018-ல் எழுதிய 'ஸர்ஸீ' நாவலில், ஹோமர் வழிப்போக்கிலே சொல்லிவிட்டுப் போன சூனியக்காரிக்கு ஒரு முழு வாழ்வு கிடைத்தது. அதே வருஷம் இங்கிலாந்தில் பாட் பார்க்கர், போரில் சிறைப்பட்ட பிரைஸிஸ் என்ற பெண்ணைப் பேச வைத்தார். இலியத்தின் இருபத்து நான்கு காண்டங்களில் அவள் வாய் திறப்பது ஒரே ஒரு முறைதான். இவர்கள் பழங்கதையில் மௌனமாக நின்றவர்களுக்குக் குரல் கொடுத்தார்கள். மாதுளம்பழ நாவல்களோ பேசியவளின் வாயை மூடிவிட்டன. இரண்டுக்கும் அட்டையும் விலையும் ஒன்றுபோல் இருக்கலாம், வித்தியாசம் இதுதான்.

ஒரு நாவலுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பீர்கள். சென்ற வருஷம் அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு, பத்தாம் வகுப்பில் ஒரு பெண்ணின் இடம் காலியாகக் கிடந்தது. ஒரு வாரம் பார்த்துவிட்டு, மலையடிவாரத்தில் உள்ள அவள் கிராமத்துக்கு நானும் இன்னோர் ஆசிரியையும் போனோம். திண்ணையில் இருந்த பெரியப்பா எங்களை மரியாதையாகவே உட்காரச் சொன்னார். "நல்ல இடம், சார். சொந்தத்திலேயே மாப்பிள்ளை. ஓசூரில் கம்பெனி வேலை. பொண்ணுக்கு ஒரு குறையும் இராது" என்றார். பெண்ணுக்கு வயது பதினைந்து. பதினெட்டு முடிய வேண்டும் என்று 2006-ம் வருஷத்துச் சட்டம் இருப்பதை எடுத்துச் சொன்னோம். மாப்பிள்ளையின் குணாதிசயங்களை அவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். பெண் வெளியே வரவேயில்லை. அவள் தாயார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நாங்கள் கிளம்பும்போது, தண்ணீர்ச் செம்பை வாங்குகிற பாவனையில் அருகே வந்து, "சார், பிள்ளைங்களுக்கு ஏதோ போன் நம்பர் இருக்குதாமே?" என்று மெல்லக் கேட்டார். 1098 என்று சொன்னேன். இரண்டு நாள் கழித்து அதிகாரிகள் வந்தார்கள், கல்யாணம் நின்றது. பெண் மாசி மாதத்தில் பள்ளிக்குத் திரும்பினாள். முழு ஆண்டுப் பரீட்சையில் கணக்கில் மட்டும் தவறிவிட்டாள். துணைத் தேர்வு எழுதினாள். அந்தத் தாயாரைப் பங்காளிகள் இன்றும் 'குடியைக் கெடுத்தவள்' என்றுதான் சொல்கிறார்கள்.

சூரிய தேவன் சொன்ன சமாதானத்தை அந்தத் திண்ணையில் நான் காதாரக் கேட்டேன். தீவட்டியுடன் அலைந்த தாயையும் கண்ணாரக் கண்டேன். பலவந்தத்தைக் காதல் என்றும், தடுத்த தாயைப் பொல்லாதவள் என்றும் சொல்லும் கதை, கடலுக்கு அப்பால் வெறும் பொழுதுபோக்காக இருக்கலாம். நம் ஊர்த் திண்ணைகளில் அதற்கு வேறு அர்த்தம் இருக்கிறது.

மறுநாள் அந்த நாவலைப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பறித்து வைத்த புத்தகத்துக்கு ருசி அதிகம் என்பது எனக்குத் தெரியும். கூடவே பழைய துதிப் பாடலின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் கொடுத்து, இரண்டையும் படித்துவிட்டு வரச் சொன்னேன். நான்கு நாள் கழித்து வந்தாள்.

"எது பிடித்தது?" என்று கேட்டேன்.

"நாவல்தான் சார் நன்றாயிருக்கிறது" என்றாள் ஒளிவு மறைவில்லாமல். பிறகு சிறிது தயங்கி, "ஆனால் பழைய கதையில் அம்மா தேடுகிறாள், சார். இதில் யாருமே அவளைத் தேடவில்லை" என்றாள்.

நான் அதற்குமேல் பாடம் எதுவும் நடத்தவில்லை. நேயர்கள் வீட்டிலும் பழுப்பு உறை போட்ட புத்தகங்கள் இருக்கக்கூடும். அவற்றைப் பறிக்க வேண்டாம். பெண் தூங்கிய பிறகு நீங்களும் ஒரு முறை படித்துவிடுங்கள். காலையில் அதைப் பற்றி அவளுடன் பேசுங்கள். "பேப்பர் திருத்துகிறேன்" என்று வீட்டில் பொய் சொல்லும் சௌகரியம் உங்களுக்கு இல்லையே என்பதுதான் என் வருத்தம்.