அடிக்குமுன் ஆராய வேண்டும்

வீட்டில் நாயோ பூனையோ வளர்ப்பவர்கள் தம்முடைய பிராணியைக் குறித்து அண்டை அயலாரிடம் குறைப்பட்டுக்கொள்ளும்போது, நேற்றுவரை குழந்தைகளோடு கூடி விளையாடிய நாய் இன்று கை பட்டவுடன் உறுமுகிறது என்றும், மணல் தட்டை விட்டு வேறிடம் அறியாத பூனை இப்போது மெத்தையை நனைத்துவிடுகிறது என்றும், அழைத்தவுடன் ஓடிவந்த ஜீவன் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு வெளியே வர மறுக்கிறது என்றும் சொல்லக் கேட்கிறோம். இவற்றையெல்லாம் பிடிவாதம், திமிர், கெட்ட பழக்கம் என்று முடிவு கட்டி, அடித்துத் திருத்த முயல்வதும், அடி பலிக்காதபோது சங்கிலியில் பிணைத்துப் போடுவதும், அதுவும் பலிக்காதபோது ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புவதும் நம்மிடையே சாதாரணமாக நடந்துவருகிற காரியங்கள். சுபாவம் திடீரென்று மாறிய பிராணியை முதலில் நோயாளியாகவே எண்ணிப் பரிசோதிக்க வேண்டும். உடலில் உபாதை ஏதுமில்லை என்று வைத்தியர் தீர்மானமாகச் சொன்ன பிறகுதான் பழக்கத்தைத் திருத்தும் யோசனைக்கே இடம் தர வேண்டும் என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம்.

எனக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தில் லாப்ரடார் நாய் ஒன்று இருந்தது. அந்த வீட்டுச் சிறுமி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாகப் புத்தகப் பையோடு அதன் கழுத்தைக் கட்டிக்கொள்வது வழக்கம். ஒரு மழைக்காலத்தில் அவள் அப்படிக் கட்டிக்கொண்டபோது அது பல்லைக் காட்டி உறுமிற்று. மறுநாளும் அவ்வாறே செய்தது. வீட்டார் பயந்து அதைக் கொல்லையில் கட்டிவிட்டார்கள். சோறு வைக்கப் போன பாட்டியம்மாள்தான், அது அடிக்கடி தலையை உதறுவதையும், வலக் காதைச் சுவரில் தேய்ப்பதையும், அந்தக் காதிலிருந்து புளித்த மாவைப் போன்றதொரு வாடை வீசுவதையும் கவனித்துச் சொன்னார். வைத்தியர் காதுமடலைத் தூக்கிப் பார்த்தபோது உட்புறம் செக்கச்செவேலென்று வீங்கி, கரும்பழுப்பு நிறத்தில் அழுக்குத் திரண்டிருந்தது. தொங்கு காதுடைய நாய்களுக்கு, காற்றோட்டமின்றி ஈரம் தங்கிவிடுவதனால், நம்முடைய புழுக்கமான சீதோஷ்ணத்தில் பூஞ்சையும் கிருமியும் காதுக்குள் பெருகுவது மிகச் சாதாரணம். காதைச் சுத்தம் செய்து சொட்டு மருந்து விட்டுவந்ததில் சில வாரங்களில் வலி தீர்ந்தது. உறுமலும் அதோடு தீர்ந்தது. சிறுமியின் கை கழுத்தைச் சுற்றியபோதெல்லாம் அந்தப் புண்பட்ட காது நசுங்கிற்று. வேறு காரணம் எதுவும் இருக்கவில்லை.

பூனையின் விஷயத்தில் இத்தகைய அலட்சியம் உயிருக்கே உலை வைத்துவிடும். ஆண் பூனை மணல் தட்டுக்கு மீண்டும் மீண்டும் போய்க் குந்துவதையும், முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகக் கழிப்பதையும், அல்லது ஒன்றுமே கழியாமல் கத்துவதையும் கண்டால், மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் புகட்டிக்கொண்டு பொழுதைக் கடத்தலாகாது. ஆண் பூனையின் மூத்திரக் குழாய் மிகக் குறுகியது. நுண்ணிய கற்களும் சளி போன்ற கசடும் அதனை அடைத்துக்கொண்டால், சிறுநீரோடு வெளியேற வேண்டிய விஷப் பொருள்கள் இரத்தத்திலேயே தேங்கி, பொட்டாசியத்தின் அளவு ஏறி, இரண்டொரு நாளில் இதயமே நின்றுபோகும். அன்றைக்கே மருத்துவமனையில் குழாய் செலுத்தி அடைப்பை நீக்கினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அடைப்பில்லாத பூனையும் கண்ட இடத்தில் கழிக்குமானால், சிறுநீர்ப்பையின் அழற்சி, சர்க்கரை வியாதி, சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றை முதலில் சோதித்துவிட்டு, பிறகு தட்டு சுத்தமாக இருக்கிறதா, அமைதியான இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதே முறை.

வாயில்லா ஜீவனின் வியாதியை அறிவதற்கு அதன் ஆரோக்கிய நிலையை அறிந்திருப்பதே ஆதாரம். நாய்க்கும் பூனைக்கும் சரீர உஷ்ணம் இயல்பாகவே நம்மைவிட அதிகம். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருப்பது சகஜம். 103-ஐத் தாண்டினால் ஜுரம் என்று சந்தேகிக்க வேண்டும். மூக்கின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்து ஜுரத்தை நிர்ணயிப்பதில் பிரயோஜனமில்லை. அயர்ந்து உறங்கும் நாய் நிமிஷத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு வாங்குவதாக இருந்தால் இதயத்தையும் நுரையீரலையும் பார்க்கச் சொல்ல வேண்டும். எல்லாவற்றிலும் எளிய சோதனை ஈறுதான். மேலுதட்டைத் தூக்கி, இளஞ்சிவப்பாக இருக்கும் ஈறை விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். அழுத்தாமலே வெளுத்திருந்தாலும், மஞ்சள் பூத்திருந்தாலும், நீலம் பாய்ந்திருந்தாலும் தாமதிக்காமல் வைத்தியரிடம் ஓட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை, பிராணி சௌக்கியமாக இருக்கும்போதே, இப்படிப் பார்த்துப் பழகியவர்களுக்கு நோயின் முதல் நாளிலேயே மாறுதல் தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டு வளர்ப்பு நாய்களை வாட்டும் உபாதைகளில் உண்ணிக் காய்ச்சலுக்கு முதலிடம் தர வேண்டும் என்று நினைக்கிறேன். நாய் இரண்டு நாள் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பும், மாடிப்படி ஏறத் தயங்கும், ஈறு வெளுக்கும், வயிற்றின் மயிரற்ற தோலில் செம்புள்ளிகள் தோன்றும், முற்றினால் மூக்கிலிருந்து இரத்தம் வடியும். உண்ணி கடிக்கும்போது உட்புகும் எர்லிக்கியா என்னும் கிருமி இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களை அழிப்பதனால் நேரும் விளைவு இது. தக்க சமயத்தில் இரத்தத்தைச் சோதித்து, டாக்ஸிசைக்ளின் மருந்தை வைத்தியர் சொன்னபடி ஏறக்குறைய நான்கு வாரம் கொடுத்தால் பெரும்பாலான நாய்கள் தேறிவிடும், ஆனால் ஐந்தாம் நாள் நாய் எழுந்து ஓடியதைப் பார்த்து மருந்தை நிறுத்திவிடுகிறவர்களே அதிகம், நோய் திரும்புகிறது. பபீசியா என்னும் வேறொரு கிருமியும் உண்ணியாலேயே பரவுகிறது. சிறுநீர் காப்பி நிறத்தில் போவது அதன் லக்ஷணம். அதற்கு மருந்து வேறு. ஆகையால் அடுத்த வீட்டு நாய்க்கு எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிப் போடுவது அபாயமான செய்கை.

உண்ணியை ஒழிக்கும் முயற்சியிலும் பலர் பாதியையே செய்கிறார்கள். இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயின் உடம்பில் முட்டையிடுவதில்லை. கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கதவு இடுக்கிலும் நாய் படுக்கும் சாக்கின் மடிப்பிலும் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. நாயை மட்டும் குளிப்பாட்டி, சுவரையும் சாக்கையும் அப்படியே விட்டுவிட்டால் மறு மாதமே பழைய கதைதான். மண்ணெண்ணெய் தடவுவதும் பினாயில் கலந்த நீரில் குளிப்பாட்டுவதும் தோலை வேகவைத்து, நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போய்க் கேடு செய்யும். நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்தைப் பூனைக்கு விடுவதோ அதன் உயிரையே வாங்கிவிடும்.

நம்முடைய மருந்தும் நம்முடைய ஆகாரமும் அவற்றுக்கும் ஒத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அன்பினால் விளைவது என்பதை நான் அறிவேன். ஆனால் அதன் பலன் கொடியது. பாரசிட்டமாலைச் சிதைக்கத் தேவையான நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லை. நாம் தலைவலிக்கு விழுங்கும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஒரு பூனையைக் கொன்றுவிடப் போதும். மிஞ்சிய சாம்பார் சாதத்தை நாய்க்கு வைக்கும்போது, அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் வெந்த பிறகும் சிவப்பணுக்களை உடைக்கும் தன்மை உடையவை என்பதை நினைக்க வேண்டும். பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்துக்கு நஞ்சு. புலால் உண்ணாத குடும்பங்களில் பூனைக்குத் தயிர்சாதமே நித்திய ஆகாரமாக அமைந்துவிடுவதையும் இங்கே சொல்லியாக வேண்டும். டாரின் என்னும் சத்தைப் பூனையின் உடல் தனக்குப் போதுமான அளவு தானே உண்டாக்கிக்கொள்ள வல்லதன்று. மாமிசத்திலும் மீனிலும் கிடைப்பதை உண்டே அது ஜீவிக்க வேண்டும். அந்தச் சத்துக் குறைந்தால் கண் பார்வை கெடும் என்பதோடு, இதயத் தசையும் தளர்ந்து விரியும் என்பதை 1987-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். வீட்டில் புலால் புழங்கச் சம்மதமில்லாதவர்கள் டாரின் சேர்த்த பூனைத் தீவனத்தையாவது வாங்கி வைப்பது கடமை. அதற்கும் மனமில்லையென்றால் பூனை வளர்க்காதிருப்பதே தர்மம்.

இனி, உடலில் நோயில்லாமலே நடத்தை கெடும் சந்தர்ப்பங்கள். கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்விட, பகல் முழுவதும் பூட்டிய வீட்டில் தனித்துக் கிடக்கும் நாய் கதவைப் பிறாண்டுகிறது, செருப்பைக் குதறுகிறது, அக்கம்பக்கத்தார் புகார் சொல்லும்படி ஊளையிடுகிறது. மாலையில் திரும்பிய எஜமானர் குதறிய செருப்பைக் காட்டி அடிக்கும்போது, நாய் காதை மடக்கி, வாலை ஒடுக்கி, முகத்தைத் திருப்பிக்கொள்வதைக் கண்டு, தன் தப்பிதம் அதற்குத் தெரிந்திருக்கிறது என்று அவர் நிச்சயித்துக்கொள்கிறார். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இந்த நிச்சயத்தைத் தகர்த்துவிட்டது: உண்மையில் தவறு செய்யாத நாயும், தவறு செய்ததாக எண்ணிய எஜமானர் கடிந்துகொண்டபோது அதே முகபாவத்தைக் காட்டிற்று. அந்த ஒடுங்கல் எதிரே நிற்பவரின் கோபத்துக்கு அஞ்சிய ஒடுங்கலே. பல மணி நேரத்துக்கு முந்திய செயலையும் இப்போது விழும் அடியையும் நாய் முடிச்சுப் போடுவதில்லை. எஜமானரின் வருகையே பயத்துக்குரியது என்பதைத்தான் கற்றுக்கொள்கிறது. காலையிலும் மாலையிலும் களைக்கக் களைக்க நடத்திச் செல்வதும், ஆளில்லாத நேரத்தில் கடிப்பதற்குத் தக்க பொருள் ஏதேனும் கொடுப்பதும், முதலில் ஐந்து நிமிஷம், பிறகு பத்து நிமிஷம் என்று தனிமையைச் சிறிது சிறிதாகப் பழக்குவதும் பலன் தரும். தீபாவளி வெடிக்கு நடுங்கும் நாயைத் தேற்றினால் பயம் அதிகமாகும் என்பதும் ஆதாரமற்ற பேச்சு. உள்ளறையில் திரை போட்டு, வானொலியைப் பாடவிட்டு, பக்கத்தில் ஒருவர் அமர்ந்திருப்பதால் ஒரு தீங்கும் வராது. மிகவும் அஞ்சும் நாய்களுக்குப் பண்டிகைக்குச் சில நாள் முன்பே வைத்தியரிடம் கேட்டு மருந்து வாங்கிவைக்கலாம்.

நடத்தை மாறுதலில் நாம் ஒருபோதும் சாவகாசமாக இருக்கக் கூடாதது ஒன்றுண்டு. வெறிநோய் கண்ட நாய் எப்போதும் வெறிகொண்டு ஓடிக் கடிக்கும் என்று நினைப்பது பிழை. ஊமை வெறி என்னும் வகையில் அது மூலையில் முடங்கும், தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், விழுங்க மாட்டாமல் தவிக்கும். தொண்டையில் எலும்பு சிக்கியது என்று கருதி வாய்க்குள் கைவிட்ட அன்பர்கள் அந்நோயைத் தாமே வாங்கிக்கொள்ள நேரும். கடியோ கீறலோ எச்சிலோ பட்ட புண்ணை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். லக்ஷணங்கள் தோன்றியபின் மனிதரைக் காப்பாற்ற மருந்தில்லை. பாஸ்டர் 1885-இல் ஒரு சிறுவனுக்கு இந்தத் தடுப்பூசியைப் போட்டு வழிகாட்டினார். நம் குன்னூரில் 1907 முதலே அவர் பெயரால் ஒரு நிலையம் இருந்துவருகிறது. இத்தனைக்குப் பிறகும், மூன்று மாதக் குட்டிக்கு முதல் ஊசியும் பிறகு வருஷந்தோறும் ஓர் ஊசியும் போடாமல் நாய் வளர்ப்பவரை மன்னிப்பதற்கு எனக்கு நியாயம் தோன்றவில்லை.

அடிப்பதும், குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும், பட்டினியால் வாடும்படி கைவிடுவதும் 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றங்கள். அந்தச் சட்டம் பிறப்பதற்கு மாநிலங்களவையில் குரலெழுப்பியவர் நம் சென்னையின் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். சட்டம் இருக்கிறது, 1903 முதல் கால்நடை வைத்தியர்களைப் பயிற்றுவித்துவரும் கல்லூரியும் வேப்பேரியில் இருக்கிறது. சிறிய ஊர்களில் இல்லாதது இரவு நேர வைத்தியம். அடைப்பு நேர்ந்த பூனையும், மூச்சுத் திணறும் நாயும் விடியும்வரை காத்திருக்க இயலாது. ஒவ்வொரு தாலுகாத் தலைநகரிலும் இரவில் ஒரு கால்நடை வைத்தியராவது கிடைக்கும்படி அரசாங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும். அது வரும்வரை, பிராணி வளர்க்கும் ஒவ்வொருவரும் தம் ஊரிலோ அடுத்த ஊரிலோ இரவில் பார்க்கக்கூடிய வைத்தியர் யார், அவருடைய தொலைபேசி எண் என்ன என்று இன்றைக்கே விசாரித்து, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.