கழுத்திலே கல்மணி! நெஞ்சிலே கல்தூள்!

கல்லுக்கு ஆற்றல் உண்டாம்! விரலில் அணிந்தால் காலம் கனியுமாம், கழுத்தில் பூண்டால் கண்ணேறு கழியுமாம், சனியின் சினம் தணியுமாம், ஆயுள் வளருமாம்! பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பகருகிறார் சோதிடர். பணப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறார் பக்தர். நாமும் ஒன்று கேட்கிறோம். சோதிடரை அல்ல, அந்தக் கல்லைச் செதுக்கிய தொழிலாளியைக் கேட்கிறோம். ஒரே ஒரு கல்லை விரலில் சுமப்பவருக்கே ஆயுள் வளருமென்றால், விடிந்தது முதல் விளக்கேற்றும் வரையில் கூடை கூடையாகக் கல்லைத் தொட்டுத் தேய்த்து மெருகிடும் தங்களுக்கு ஆயுள் எத்தனை நூறாண்டு, ஐயா? விடை வராது, தோழர்களே! இருமல்தான் வரும்.

குசராத்து மாநிலத்திலே, கடல் உள்வாங்கி நிற்கும் வளைகுடாவின் தலைப்பிலே இருக்கிறது கம்பாத் என்னும் பழம்பெரும் நகரம். அகேட், சூதுபவளம் முதலிய கற்களைச் செதுக்கி மணியாக்குவதும் மாலையாக்குவதும் மோதிரக் கல்லாக்குவதும் அங்கே பரம்பரைத் தொழில். அதன் தொன்மை சாமானியமானதன்று. அவ்வட்டாரத்தைச் சேர்ந்த லோத்தலை அகழ்ந்தபோது, சிந்துவெளி நாகரிக காலத்து மணி செய்யும் பட்டறையே வெளிப்பட்டது. சிந்துவெளிச் சூதுபவள மணிகள் மெசபொத்தேமியாவின் ஊர் நகரத்து அரச கல்லறைகள் வரை சென்றிருக்கின்றன. பாரிகாசா எனப்பட்ட பரூச் துறைமுகத்தின் வழியாகக் கல்வகைகள் ஏற்றுமதியானதை, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளசு என்னும் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு சொல்கிறது. நம் நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலிலே கிடைத்த சூதுபவள, அகேட் மணிகளுக்கான மூலக்கல்லும் அந்த மேற்குத் திசையிலிருந்தே வந்திருக்க வேண்டுமென்று ஆய்வாளர் கருதுகின்றனர். ஈரோட்டுச் சீமைக்கும் குசராத்துக்கும் இடையே ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல் நடந்து வந்திருக்கிறது!

பெருமைதான், மறுக்கவில்லை நாம். ஆனால், பெருமை அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பேழையிலே இருக்கிறது. அதைச் செய்யும் கையோ கடன் சீட்டிலே இருக்கிறது!

மணி எப்படிப் பிறக்கிறது என்பதை மாலை வாங்குவோர் அறியார். ரத்தன்பூர்ப் பக்கத்துச் சுரங்கங்களில் தோண்டிய கல்லை வெயிலிலே உலர்த்துகிறார்கள். மண் சட்டியிலிட்டுச் சுடுகிறார்கள். கல்லுக்குள்ளிருக்கும் இரும்புச் சத்து சூட்டினால் மாறுகிறது. மங்கிய நிறம் செந்நிறமாகிறது. அற்புதமன்று, அருளன்று, வேதியல்! பிறகு தரையில் நட்ட இரும்பு முனையின்மீது கல்லைச் சாய்த்துப் பிடித்து, எருமைக் கொம்பாலான சுத்தியால் தட்டித் தட்டி வடிவெடுக்கிறார்கள். சுழலும் சாணைச் சக்கரத்தில் வைத்துத் தேய்க்கிறார்கள். வைரத் துணுக்கு பதித்த நுனி கொண்டு துளையிடுகிறார்கள். இறுதியில் மெருகு. கண்ணும் கையும் ஒன்றாய் இயங்கவேண்டிய இவ்வித்தையைக் கற்க ஆண்டுகள் பல ஆகும்.

அந்தச் சாணைச் சக்கரத்திலேதான் எமன் குடியிருக்கிறான், தோழர்களே! புராணத்து எமனல்ல, எருமை ஏறி வருபவனல்ல, காற்றிலேறி வருபவன். அகேட் என்பது ஏறத்தாழ முழுவதும் சிலிக்கா. தேய்க்கும்போது எழும் தூளிலே கண்ணுக்குத் தெரியும் துகள் மூக்கோடு நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் நுரையீரலின் கடைக்கோடி வரை சென்று தங்கிவிடும். அங்கே தழும்பு விழும், தழும்பு பரவும், மூச்சுப்பை மெல்ல மெல்லக் கல்லாய் இறுகும். சிலிக்கோசிஸ் என்பது அந்நோயின் பெயர். வந்தபின் அதைத் தீர்க்கும் மருந்து உலகில் எங்குமில்லை. எலும்புருக்கி நோயையும் அது துணைக்கு அழைத்து வரும். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதால், சிலிக்கோசிஸ் கண்டவனுக்கு எலும்புருக்கி மருந்தை மட்டும் மாதக்கணக்கில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் கொடுமையும் நடக்கிறது. நுண் சிலிக்காத் தூள் புற்றுநோய்க்கும் காரணமென்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997இல் அறிவித்துவிட்டது.

இது நேற்றுக் கண்ட செய்தியா? இல்லை. கல்தச்சரின் நெஞ்சைக் கல்தூள் அரிப்பதை இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700ஆம் ஆண்டிலேயே நூலில் எழுதி வைத்தார். கம்பாத் தொழிலாளரிடையே இந்நோய் இருப்பதை அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் பல பத்தாண்டுகளாக ஆய்ந்து எழுதியிருக்கிறது. சாணை சுழல்வது தனி ஆலையிலல்ல. பெரும்பாலும் வீட்டு முற்றத்திலே, தாழ்வாரத்திலே. ஆகவே, சக்கரத்தின்முன் அமர்பவன் மட்டுமா தூளை உண்கிறான்? அடுப்பெரிக்கும் மனைவி உண்கிறாள். அருகிலே விளையாடும் குழந்தை உண்கிறது. அடுத்த வீட்டுக்காரனும் உண்கிறான்!

"எல்லாம் தலையெழுத்து" என்கிறார் வைதிகர். தலையிலே எழுதியிருந்தால் மார்பிலே ஏன் தெரிகிறது? எக்ஸ்ரே படத்தைப் பார்க்கட்டும். எழுத்து எங்கே இருக்கிறதென்று புரியும். எழுதியவன் பிரம்மனல்லன், சாணைச் சக்கரம். எழுதவிட்டவர்? அதைத்தான் நாம் கேட்கவேண்டும்.

கல்லைக் கொடுப்பவர் வணிகர். வடிவெடுத்துத் திருப்பித் தருபவர் தொழிலாளி. கூலி, உருப்படிக் கணக்கு. மாதச் சம்பளமில்லை, நோய்க்கால விடுப்பில்லை, ஓய்வூதியமில்லை. அவசரத்துக்கு முன்பணம் வாங்கினால், அது தீரும்வரை வேறு வாசலை மிதிக்க முடியாது. அந்த மணி கடல் கடக்கிறது. மேலைநாட்டுக் கடையிலே, "உடற்சக்கரங்களைச் சீராக்கும் நலக்கல்" என்ற பெயர் சூட்டிக்கொள்கிறது. நம் ஊர்க் கடையிலே இராசிக்கல்லாகிறது. விலை ஏறுகிறது, ஏறிக்கொண்டே போகிறது. ஏறாதது ஒன்றுண்டு, செய்தவன் கூலி! நலக்கல்லாம் நலக்கல்! யாருடைய நலத்தை அரைத்து எடுத்த கல் அது? மூடநம்பிக்கை கீழ்நாட்டுக்கு மட்டும் உரிய சொத்தன்று என்பதற்கும் இதுவே சான்று.

சட்டம் இல்லையா என்பீர்கள். உண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், அறிவிக்கப்படவேண்டிய தொழில் நோய்ப் பட்டியலிலே சிலிக்கோசிசைச் சேர்த்தது. ஆனால், தொழிற்சாலை என்றால் என்ன? மின்விசை கொண்டு 10 பேர், விசையின்றி 20 பேர் வேலை செய்யுமிடம் என்றது அச்சட்டம். 2020இல் இயற்றிய புதிய தொகுப்புச் சட்டமோ அந்த எண்களை 20, 40 என்று உயர்த்தியது. ஒருவனும் அவன் மனைவியும் அவன் தம்பியும் தேய்க்கும் தாழ்வாரம் எந்தக் கணக்கிலே சேரும்? வீடு என்று சொல்லிச் சட்டம் வெளியிலே நின்றுவிடுகிறது. தூளுக்கோ அந்த நாகரிகம் இல்லை, உள்ளே நுழைந்துவிடுகிறது.

"கண்டிப்புக் காட்டினால் தொழில் நசிக்கும், பழங்கலை அழியும், ஏழை பட்டினி கிடப்பான்" என்று கண்ணீர் வடிப்போர் உளர். தொழிலை மூடு என்று நாம் சொல்லவில்லை; தூளை மூடு என்கிறோம்! நீர் சொட்டவிட்டுத் தேய்த்தால் தூள் அடங்கும். எழும் இடத்திலேயே உறிஞ்சும் கருவி வைத்தால் தூள் பரவாது. குடியிருப்பை விட்டு விலகிய பொதுப் பட்டறை அமைத்தால் குழந்தை பிழைக்கும். இவற்றுக்கு மந்திரமும் வேண்டாம், மகானும் வேண்டாம். மனமும் பணமும் போதும். கலையைக் காப்பது என்பது கலைஞனைச் சாகவிட்டுக் கல்லைக் காப்பதாகுமா? "காம்பே அகேட்" என்னும் பெயருக்குப் புவிசார் குறியீடு வழங்கிக் காப்பளித்தது அரசு. பெயருக்குக் காப்பு கிடைத்தது. பெயரைத் தந்தவன் நெஞ்சுக்கு எங்கே காப்பு?

முடியாததையா கேட்கிறோம்? கோத்ரா வட்டாரத்துக் குவார்ட்சு ஆலைகளில் உழைத்து, இதே நோயால் மாண்ட 238 பேரின் குடும்பங்களுக்குத் தலைக்கு 3 இலட்சம் ரூபாய் கொடு என்று 2016இல் உச்சநீதிமன்றம் குசராத்து அரசுக்கு ஆணையிட்டது. இராசத்தான் அரசு 2019இல் தனிக் கொள்கையே வகுத்து, நோய் உறுதியானதும் 3 இலட்சம், இறந்தால் குடும்பத்துக்கு மேலும் 2 இலட்சம் என்று அறிவித்தது. ஒரு மாநிலம் செய்ய முடிந்ததை மற்ற மாநிலம் ஏன் செய்யலாகாது? செத்தபின் தரும் பணத்தைவிடச் சாகாதிருக்கத் தரும் காற்று மேலன்றோ!

வீட்டில் தேய்ப்பவனும் தொழிலாளியே என்று ஏற்கவேண்டும். அடையாளச் சீட்டு தரவேண்டும். ஆண்டுதோறும் மார்புச் சோதனை வேண்டும். தூளடக்கும் கருவியின் செலவை, மணியால் இலாபம் காணும் வணிகர் ஏற்கவேண்டும். செய்தவரே கூட்டாய் விற்கும் கூட்டுறவுக் கடைகள் வேண்டும். அப்போதுதான் உழைப்பின் விலை உழைத்தவன் வீட்டிலே தங்கும்.

இளைஞர்களே! அழகை வெறுப்பது பகுத்தறிவன்று. செதுக்கிய கல்லணி அழகுதான். அணிய விரும்புவோர் அழகுக்காக அணியட்டும், கிரகத்துக்கு அஞ்சி அணியவேண்டாம். வாங்கும்போது "இது எந்த இராசிக்கு உகந்தது?" என்ற கேள்வியை விட்டொழித்து, "இதைத் தேய்த்தவர் எந்தப் பட்டறையில் தேய்த்தார்? தூளுக்கு என்ன வழி செய்தீர்? கூலி எவ்வளவு தந்தீர்?" என்று கேளுங்கள். கடைக்காரர் விழிப்பார்; விழிக்கட்டும். நூறு பேர் கேட்டால் வணிகரிடம் சொல்வார். ஆயிரம் பேர் கேட்டால் அரசின் காதிலும் விழும். கோள்கள் பதில் சொல்லமாட்டா. கேட்கத் தொடங்கினால் மனிதர்கள் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்!