விளம்பரம் காட்டாத மாதங்கள்

நெய்வேலியில் 1957இல் சுரங்கப்பணி தொடங்கியது. பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டதோ 1961இல். அதுவரை அள்ளியதெல்லாம் மேல்மண்தான். அந்நகரியத்தாருக்குக் காத்திருத்தல் புதிதன்று. ஆயினும் முடிமாற்றுச் சிகிச்சை செய்துகொள்பவர், எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதை முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

நட்ட முடியில் பெரும்பகுதி 2 முதல் 8 வாரங்களுக்குள் உதிர்ந்துவிடும். இடம்பெயர்ந்த அதிர்ச்சியில் வேர் ஓய்வு கொள்கிறது, மடிவதில்லை. 3, 4 மாதங்களில் புதுமுடி அரும்பத் தொடங்கும். முழுப்பலன் தெரிய ஓராண்டாகலாம்.

விளம்பரங்களோ ‘முன்’, ‘பின்’ என இரண்டே படங்களைக் காட்டுகின்றன. ஏமாந்துவிட்டோமோ என்ற அச்சமும், ஊராரின் கேலியும், கண்ட தைலத்தை வாங்கும் அவசரமும் நேர்வது இடைப்பட்ட மாதங்களில்தான். அந்த மூன்றாவது படத்தையும் காட்டிய பிறகே ஒப்புதல் கையெழுத்து வாங்க வேண்டும். உதிர்வைச் சொல்லாமல் பெறும் ஒப்புதல், ஒப்புதலே ஆகாது.