வானத்தில் பறக்கும் வாத்தியார்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

2024 அக்டோபர் முதல் வாரம். மெரினா வான் சாகச நிகழ்ச்சிக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பெசன்ட் நகரில் எங்கள் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போன நான், துணியை மறந்து வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற பேரன் கேட்டான்: "தாத்தா, இவங்களுக்கு வேலையே இதுதானா? சும்மா சுத்திக் காட்டுறதுதானா?"

நல்ல கேள்வி. அன்று அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்திய விமானப்படை தன் பொன்விழா ஆண்டான 1982இல் 'தண்டர்போல்ட்ஸ்' என்ற சாகசக் குழுவை அமைத்தது. அவர்கள் பறந்தது ஹன்டர் என்ற போர் விமானத்தில். 1980களின் இறுதியில் அந்தக் குழு கலைந்தது. பிறகு 1996இல் கர்நாடகத்தின் பீதரில் 'சூர்ய கிரண்' பிறந்தது. இந்த முறை எடுத்துக்கொண்ட விமானம் கிரண். பெங்களூரில் நம்மவர்களே வடிவமைத்த பயிற்சி விமானம் அது. போர் விமானி ஆகப்போகிற பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஓட்டிய சூர்ய கிரண் விமானிகளும் பறக்கக் கற்றுக்கொடுக்கத் தகுதி பெற்ற பயிற்றுநர்கள். அதாவது, வாத்தியார்கள்!

34 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்த எனக்கு இதில் தனிப் பெருமை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்து நடந்ததுதான். ஆரம்பப் பயிற்சிக்குப் பயன்பட்ட எச்பிடி-32 விமானங்கள் 2009இல் நிறுத்தப்பட்டன. புதிய விமானிகளுக்குக் கற்றுத்தர விமானம் போதவில்லை. கிரண் விமானங்கள் பயிற்சிக்குத் தேவைப்பட்டதால் 2011இல் சூர்ய கிரண் குழுவே நிறுத்தப்பட்டது. உலகம் கைதட்டிய குழு அது. ஆனாலும் வகுப்பறைதான் முதலில், மேடை அப்புறம் என்று முடிவெடுத்தார்கள். ஆண்டு விழாவுக்காக அரைப் பரீட்சைப் பாடத்தையே தள்ளிவைத்த பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த முடிவு என் மனதில் நின்றது.

2015இல் ஹாக் விமானங்களோடு குழு மீண்டும் வந்தது. அதுவும் பயிற்சி விமானம்தான். நம் கோவைக்குப் பக்கத்தில் சூலூரில் இருக்கும் 'சாரங்' ஹெலிகாப்டர் குழுவும் இதே ரகம். 2013 உத்தராகண்ட் வெள்ளத்திலும் 2018 கேரள வெள்ளத்திலும் சாகசத்தை ஒதுக்கிவிட்டு மீட்புப் பணிக்குப் போனவர்கள் அவர்கள்.

இந்த வித்தைக்கு விலையும் உண்டு. சூர்ய கிரண் 2006இல் இரண்டு பேரை இழந்தது. 2009இல் ஒருவரை இழந்தது. 2019 பிப்ரவரியில் பெங்களூர் எலகங்காவில், கண்காட்சிக்கு முந்தைய நாள் ஒத்திகையில் இரண்டு விமானங்கள் மோதி விங் கமாண்டர் சாஹில் காந்தி உயிரிழந்தார். இறக்கைக்கும் இறக்கைக்கும் நடுவே சில மீட்டர்தான் இடைவெளி. அதனால் ஒவ்வொரு அசைவையும் மாதக்கணக்கில் பழகுகிறார்கள். எப்படிச் சேர்வது என்பதைப் பழகும் அதே கவனத்தோடு எப்படிப் பிரிவது என்பதையும் பழகுகிறார்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. மெரினாவில் பல லட்சம் பேர் கூடினார்கள். காலை 11 மணி முதல் மதியம் 1 மணி வரை உச்சி வெயில். மேலே எல்லாம் அளந்து வைத்தாற்போல் நடந்தது. கீழே தண்ணீருக்கும் நிழலுக்கும் ஜனங்கள் அலைந்தார்கள். முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். பறக்கும் ரயில் நிலையங்கள் திணறின. எங்கள் குடியிருப்பிலிருந்து போன பையன்கள் சாந்தோம், அடையாறு பாலம் வழியாக வீடுவரை நடந்தே வந்தார்கள். முகம் கறுத்து, பேசக்கூடத் தெம்பில்லாமல். அவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஐந்து பேர் வீடு திரும்பவே இல்லை.

"இந்த மாதிரி நிகழ்ச்சியே வேண்டாம், பெட்ரோலுக்குக் கேடு" என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அன்று வானத்தைப் பார்த்த எத்தனையோ பிள்ளைகளில் ஒருத்தி நாளைக்கு விமானி ஆவாள். நிகழ்ச்சி வேண்டும். ஆனால் மேலே இருக்கும் ஒத்திகை கீழேயும் வேண்டும்.

பள்ளியில் மணி அடித்தால் ஆயிரம் பிள்ளைகளும் ஒரே வாசலுக்கு ஓட விடுவோமா? எந்த வகுப்பு முதலில், எந்தப் படிக்கட்டு வழியாக என்று முன்கூட்டியே சொல்லிப் பழக்குகிறோம் அல்லவா? அதைத்தான் கேட்கிறேன். எத்தனை பேர் வருவார்கள், தலைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், ஆம்புலன்ஸ் போக எந்தச் சாலை, எந்தப் பகுதி எப்போது கலைய வேண்டும், அதற்கு எத்தனை ரயில், எத்தனை பஸ். இதெல்லாம் ஐந்தாம் வகுப்புக் கணக்கு. வெயிலுக்கு முன்பே முடித்துவிட்டாலே பாதிச் சிரமம் குறையும். நாமும், 'நான்தான் முதலில் வெளியே போவேன்' என்று முண்டியடிப்பதை விட வேண்டும்.

வானத்தில் அந்த வாத்தியார்கள் பாடம் நடத்திவிட்டுத்தான் போனார்கள். கைதட்டிய நாம் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை. அடுத்த முறை மெரினாவுக்கு அவர்கள் வரும்போது பேரனைக் கூட்டிக்கொண்டு போக ஆசை. பத்திரமாகத் திரும்பி வரலாம் என்ற நம்பிக்கையோடு.

அன்று மெரினாவுக்குப் போனவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். எது குறைந்தது, எதைச் செய்திருக்கலாம் என்று குறிப்பாகச் சொன்னால் நல்லது.