ரெண்டு கோடு, இருபது வருஷ வித்தியாசம்

பி.காம். படிக்கிறவனுக்கு ஆங்கில இலக்கணத்துல என்ன வேலைன்னு கேட்காதீங்க மக்களே. இது காசு சம்பந்தப்பட்ட விஷயம்.

போன லீவுல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல எடுபிடி வேலை பார்த்தேன். ஒரு பனியன் கம்பெனி லோனுக்காக மெஷின் லிஸ்ட் டைப் அடிக்கச் சொன்னாங்க. நான் அடிச்சது, 'ட்வென்ட்டி ஃபைவ் இயர் ஓல்ட் மெஷின்ஸ்'. அஞ்சு வருஷம் ஓடின 20 மெஷின்னு என் நினைப்பு. சீனியர் படிச்சுட்டு, "ஏம்ப்பா, 25 வருஷத்துப் பழைய இரும்புக்கு எவன் லோன் கொடுப்பான்?"னு கேட்டார். நல்லவேளை, லிஸ்ட் வெளியே போகலை.

அது எவ்வளவு பெரிய தப்புன்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருமான வரிக்கு மெஷின் தேய்மானம் பொதுவா வருஷம் 15 சதவீதம், மிச்சமிருக்கிற மதிப்புல கழிக்கணும். 1 லட்ச ரூபாய் மெஷின் 5 வருஷத்துல ஏட்டுல சுமார் 44,370 ரூபாய்க்கு நிக்கும். 25 வருஷம்னா வெறும் 1,720!

விதி ஒண்ணும் கஷ்டமில்லை. வயசு, பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி அடைமொழியா வந்தா கோடு போடணும்: 'எ ஃபைவ்-இயர்-ஓல்ட் பாய்'. அந்த வயசுக்காரரையே குறிச்சாலும் போடணும்: 'எ ஃபைவ்-இயர்-ஓல்ட்'. பின்னாடி வந்தா வேண்டாம்: 'தி பாய் இஸ் ஃபைவ் இயர்ஸ் ஓல்ட்'. குறுக்குவழி வேணுமா? 'இயர்'னு இருந்தா கோடு உண்டு, 'இயர்ஸ்'னு இருந்தா இல்லை. (ஒரு வயசுக் குழந்தைக்கு மட்டும் இது உதவாது.)

"அர்த்தம் புரிஞ்சா போதாதா, கோட்டுக்கு ஏன்டா இவ்வளவு அலட்டல்?"னு கேட்டான் நண்பன். பாதி நியாயம். அஞ்சு வயசுப் பையன் விஷயத்துல கோடு இல்லாட்டியும் யாரும் குழம்ப மாட்டாங்க. ஆனா எண்ணிக்கையும் வயசும் அடுத்தடுத்து நின்னா, எது எதோட சேருதுன்னு கோடு தான் சொல்லணும். 'ட்வென்ட்டி ஃபைவ்-இயர்-ஓல்ட்' வேற, 'ட்வென்ட்டி-ஃபைவ்-இயர்-ஓல்ட்' வேற. குழப்பம் வர்ற இடத்துல மட்டும் போட்டுக்கலாம்னு இருந்தா, நமக்கே குழப்பம் தெரியாத இடத்துல மாட்டிக்குவோம். நான் மாட்டினது அப்படித்தான்.

தமிழ்ல இந்தத் தொல்லை கம்மி. 'இருபத்தைந்து'ன்னாலே இருபதும் ஐந்தும் ஒட்டிக்குது. 'ஐந்து வயதுக் குழந்தை'ன்னு எழுதறப்ப வர்ற 'க்' இருக்கே, கிட்டத்தட்ட அது தான் நம்ம ஊர்க் கோடு. அதையும் நாம ஒழுங்காப் போடறதில்லைங்கறது தனிக் கதை :-)

அதனால என் கட்சி இது: பழக்கமா எப்பவும் போடுங்க. அப்பவும் சந்தேகமா? எண்ணிக்கையை எண்ணாலயே எழுதி, வாக்கியத்தை மாத்திடுங்க: '20 மெஷின்ஸ், ஈச் ஃபைவ் இயர்ஸ் ஓல்ட்'.

அன்னிக்கு நான் புதுசாச் சேர்த்தது ரெண்டே ரெண்டு கோடு. மெஷினுக்கு 42,650 ரூபாய் வித்தியாசம். இனிமே கோடு போட யோசிப்பேனா என்ன?