சில வாரங்களுக்கு ஓர் அடைக்கலம்

நீதிமொழிகள் 12:10 மிருகஜீவன்களைக் குறித்தும் பேசுகிறதல்லவா? வாடகை வீடு மாறும்போது, வளர்த்த சிறு நாயைத் தெருவில் விட்டுச் செல்லாதிருங்கள். பசியால் வாடும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றமாகும்.

மீட்கப்பட்ட பொமரேனியனுக்குக் காப்பகத்தின் இரைச்சலே அச்சமூட்டும். நிரந்தர வீடு கிடைக்கும்வரை அதைப் பராமரிக்க, வானவடியின் சிறிய வீடும் போதும். வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதத்தை முதலில் பெறுங்கள். மருத்துவரிடம் காட்டி, வெறிநோய்த் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் அளியுங்கள். இரண்டு வாரம் பிற பிராணிகளிடமிருந்து பிரித்து வையுங்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட் கொடுக்கலாகாது. அவை நாய்க்கு நஞ்சு. இடமில்லாதோர் மருந்துச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.

அது புது வீட்டிற்குச் செல்லும் நாளில் பிள்ளைகள் அழுவார்கள். அந்த நாளுக்காகவே அதை ஏற்றுக்கொண்டோம் என்று அவர்களுக்கு முன்னரே சொல்லி வையுங்கள்.